யார் ஏற்றிய விளக்கு?

மாலை மயங்கும் வேளையில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறதென்றால், அவ்வீட்டில் ஆள் இருக்கிறார் என்று பொருள். இதை நமக்கு எவரும் கற்றுத் தந்ததில்லை. அகலும் அரிக்கேனும் போய் மின்விளக்கு வந்த பின்னரும் அந்தப் பொருள் மாறவில்லை. திரியைத் தூண்டிய கை சுவிட்சைத் தட்டியது, அவ்வளவே. இப்போதோ கை படாமலேயே விளக்கு எரியும் காலத்திற்கு வந்துவிட்டோம். அதைப் பற்றிய சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

'ஸ்மார்ட் பிளக்' என்று கடைகளில் விற்கும் சிறு பொருளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையிலேயே கிடைக்கிறது. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் இதைச் செருகி, இதன்மேல் விளக்கின் பிளக்கைச் செருகவேண்டும். மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் ரிலே ஒன்றும், வீட்டு வைஃபையோடு தொடர்புகொள்ளும் சில்லு ஒன்றும் உள்ளே இருக்கின்றன. கைப்பேசியில் விரலை வைத்தால், அந்தக் கட்டளை பெரும்பாலும் எங்கோ இருக்கும் நிறுவனக் கணினிக்குச் சென்று, அங்கிருந்து நம் வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கை எரியச் செய்கிறது. நான்கடி தொலைவிலுள்ள விளக்கிற்கான ஆணை கடல் கடந்து போய் வரவும் கூடும்! கூரையில் எரியும் விளக்குகள் சுவர் சுவிட்சோடு நேரே இணைக்கப்பட்டிருப்பதால் அவற்றுக்கு இது பயன்படாது. மேசை விளக்கு, இரவு விளக்கு, டிசம்பரில் வாசலில் தொங்கவிடும் நட்சத்திரம் என, செருகி எரிப்பவற்றுக்கே இது ஆகும்.

இதனால் மின்சாரம் மிச்சமாகும் என்பாருண்டு. கணக்கிட்டுப் பார்த்தேன். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி செலவாகும். கட்டளைக்காக இரவு பகலாய் விழித்திருக்கும் பிளக் 1 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், அதற்கே 24 வாட்-மணி ஆகிறது. விளக்கு உண்பதில் பாதிக்கு மேல் காவல்காரன் உண்கிறான்! ஆகவே சிக்கனத்திற்காக இதை வாங்குவதில் பொருளில்லை.

அடுத்தவர் கணினியை நம்பியிருப்பதிலும் இடர் உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் கணினிகளை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்களின் வீட்டு விளக்குகள் கைப்பேசியின் சொல்லைக் கேளாமற்போயின. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 'மேட்டர்' என்னும் பொதுத் தரம், வீட்டுக்குள்ளேயே கட்டளை சென்று சேர வழி செய்கிறது. எதை வாங்கினாலும், கையால் அழுத்துவதற்குப் பிளக்கின்மேல் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இவை பொருளைப் பற்றியவை. மனிதரைப் பற்றிய பாடத்தை எங்கள் தாயாரிடமிருந்தே பெற்றேன்.

அவர்கள் பாளையங்கோட்டையில் தனியே வசிக்கிறார்கள். வயது 79, மூட்டுவலி உண்டு. துபாயில் பணிபுரியும் என் தம்பி 2023 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு ஸ்மார்ட் பிளக்குகளை வாங்கிப் பொருத்தினான். ஒன்று படுக்கையருகே உள்ள மேசை விளக்கிற்கு. மற்றொன்று, முன்னறையிலிருந்து வயர் இழுத்துப் போட்டிருந்த வராந்தா விளக்கிற்கு. வராந்தா விளக்கு மாலை ஆறேகாலுக்குத் தானாக எரிந்து இரவு பத்து மணிக்கு அணையும்படி நேரமும் குறித்தான்.

படுக்கையருகே வந்த வசதியில் அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்ச் வரை நடக்கவேண்டிய அச்சம் நீங்கிற்று. ஆனால் வராந்தா ஏற்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை.

"அந்த விளக்கை நான்தான் போடுவேன்."

"தானாக எரிந்தால் உங்கள் காலுக்கு நல்லதுதானே அம்மா?" என்றான் தம்பி.

"காலுக்கு நல்லதுதான் ஐயா. ஆனால் நான் விழுந்து கிடந்தாலும் அது ஆறேகாலுக்கு எரியுமே! விளக்கு எரியாவிட்டால்தானே எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்ப்பார்கள்?"

தம்பி பதில் பேசவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அம்மா காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்த ஒரு மாலையில், வராந்தா இருண்டிருப்பதைக் கண்டு ஓடி வந்து, கஞ்சி கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் அந்த டீச்சர்தான். எரியாத விளக்கு அன்று அழைத்து வந்த உதவி அது. ஊருக்குப் போயிருப்போர் திருடனை ஏமாற்றத் தானாக எரியும் விளக்கு உதவலாம். ஆனால் திருடனை ஏமாற்றுவது அண்டை வீட்டாரையும் ஏமாற்றிவிடும் அல்லவா?

தம்பி துபாய்க்குத் திரும்பிய சில வாரங்களில் இன்னொரு சிக்கல் எழுந்தது. எந்த விளக்கு எப்போது எரிந்தது என்பதைச் செயலி குறித்து வைக்கிறது. ஓரிரவு இரண்டு மணிக்கு மேசை விளக்கு எரிந்ததைக் கண்டு, விடிந்ததும் அவன் தொலைபேசியில் காரணம் கேட்டான். மறுநாளும் கேட்டான். மூன்றாம் நாள் அம்மா, "நான் எழுந்ததற்கும் படுத்ததற்கும் உனக்கெதற்குக் கணக்கு?" என்றார்கள். தொலைவில் இருக்கும் பிள்ளையின் கலக்கம் அவனுடையது. தன் இரவு தன்னுடையதாக இருக்கவேண்டும் என்ற தாயின் நியாயம் அவர்களுடையது. இரண்டில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை.

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மேசை விளக்கைப் பற்றிய செய்தி தம்பிக்குப் போவது நிறுத்தப்பட்டது. வராந்தா விளக்கிற்குக் குறித்த நேரமும் நீக்கப்பட்டது. மாலையில் அம்மாவே முன்னறைக்கு வந்து பிளக்கின் பொத்தானை அழுத்துகிறார்கள். விளக்கு எரிந்தவுடன் துபாயில் தம்பியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போகிறது. அங்கே அப்போது மாலை நாலே முக்கால். எதிர்வீட்டு டீச்சர் வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை, மகன் கடலுக்கு அப்பாலிருந்து தெரிந்துகொள்கிறான். அதற்கு மேல் ஒன்றும் அவனுக்குத் தெரிவதில்லை, தெரியவேண்டியதும் இல்லை.

கருவி அதேதான். ஆனால், முன்பு அது அம்மாவைக் கவனித்தது. இப்போது அம்மா அதைக் கொண்டு தம் நலத்தைத் தெரிவிக்கிறார்கள்.

முதிய பெற்றோரைத் தனியே விட்டு வாழ நேர்ந்த குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அவர்கள் இல்லங்களுக்கு இத்தகைய கருவிகளை வாங்கித் தருவது அன்பின் செயலே. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நேரம் குறிக்குமுன் அவர்கள் பக்கத்தில் சற்று அமர்ந்து, எந்த விளக்கு தானாக எரியலாம், எதைத் தங்கள் கையாலேயே ஏற்ற விரும்புகிறார்கள் என்று கேளுங்கள்.