பொன் விளைந்த குன்று

பொன் என்றதும் தாலியும் காப்பும் சங்கிலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அப்பொன் எம்மண்ணிலிருந்து வந்தது, அதனைத் தோண்டியவர் யாவர் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நியூசிலாந்தின் வட தீவிலுள்ள வைஹீ என்னும் சிற்றூரில் கால் வைத்தால் அவ்வெண்ணம் தானாகவே எழும்.

கடைவீதியிலிருந்து சில நிமிட நேரம் நடந்தாற் போதும். சுமார் 250 மீற்றர் ஆழமுள்ள பெருங்குழியொன்று கண்முன்னே விரிகிறது. முன்பு அவ்விடத்தில் இருந்தது குழியன்று, குன்று. மாவோரி மக்கள் அதனைப் புக்கேவா என வழங்கினர். 1878ஆம் ஆண்டில் அங்கே பொன் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் எழுந்த மார்த்தா சுரங்கம், 1952இல் மூடப்படும்வரை ஏறக்குறைய 174 தொன் பொன்னையும் 1,193 தொன் வெள்ளியையும் ஈந்தது. 1980களின் இறுதியில் திறந்தவெளியில் தோண்டும் வேலை ஆரம்பமாக, எஞ்சிய குன்றும் குழியாயிற்று.

இவ்வூர்ப் பொன் ஆற்றுமணலில் அரித்தெடுக்கத்தக்கதன்று. கடினமான பாறையினுள் நுண்துகளாய் மறைந்து கிடப்பது. ஆகவே பாறையை அயலிலுள்ள வைக்கீனோவுக்குக் கொண்டு சென்று, 200 இரும்புலக்கைகளால் இடித்துத் தூளாக்கிச் சயனைட்டுக் கரைசலிற் பொன்னைப் பிரித்தெடுத்தனர்.

சுரங்கத்தில் ஊறிய நீரை இறைப்பதற்கென 1904இல் எழுந்த பம்புக் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆயினும் நிற்பது பழைய இடத்திலன்று. அடியிலிருந்த பழஞ்சுரங்கங்களால் நிலம் தளர்ந்தமையால், சுமார் 1,800 தொன் நிறையுள்ள அக்கட்டடத்தை 2006இல் ஏறக்குறைய 300 மீற்றர் தூரம் நகர்த்தி வைத்தனர். அதற்கு முன், 2001 டிசம்பரில், பழைய சுரங்க வெளியொன்று இடிந்து விழ, ஊரிலிருந்த வீடொன்று குழிக்குள் சரிந்தது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர்.

உயிர் தப்பாத ஒருவரையும் இவ்வூர் மறக்கவில்லை. 1912இல் சுரங்கத் தொழிலாளர் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பர் 12ஆந் திகதி, வேலைநிறுத்தத்தை எதிர்த்தோரும் பொலிஸாரும் தொழிலாளர் மண்டபத்தினுட் புகுந்தனர். அக்கலவரத்தில் தாக்குண்ட பிரெடெரிக் ஜோர்ஜ் எவன்ஸ் என்னும் யந்திரமோட்டி பின்னர் உயிர் நீத்தார். தொழிற்பிணக்கொன்றில் அந்நாடு பலிகொடுத்த முதல் மனிதர் அவரே.

ஊருக்குக் கிழக்கே சுமார் 11 கிலோமீற்றர் சென்றால் வைஹீக் கடற்கரை. ஒன்பது கிலோமீற்றர் நீளமான வெண்மணலில் பசுபிக் சமுத்திரத்தின் அலைகள் வந்து புரள்கின்றன. இளைஞர் பலகை மீதேறி அலைகளோடு விளையாடுகின்றனர். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கிடையே குழந்தைகள் நீராடுகின்றனர். உயிர்காப்போர் கரையிலே காவல் நிற்கின்றனர். கடலிறங்குவோரைக் காக்க இத்தனை கவனம். முன்னாளில் நிலத்தினடியில் இறங்கியோரைக் காக்க எவர் இருந்தனரோ என்று மனம் கேட்கிறது.

குழியின் சுவர் சரிந்தமையால் 2015இல் அங்கே வேலை நின்றது. எனினும் நிலத்தடியில் பொன் தோண்டுதல் இன்றும் நடைபெறுகிறது. அலைகளை நாடி வைஹீ செல்வோர், குழியைச் சுற்றியுள்ள நான்கு கிலோமீற்றர்ப் பாதையிலும் ஒருமுறை நடந்து வருதல் நன்று. நாம் அணியும் சிறு பொட்டுப் பொன்னுக்கும் ஒரு குன்றும், சில மனிதரின் வாழ்வும் விலையாயிருக்கலாம் என்பதை அப்பாதை உணர்த்தும்.