சூடாமல் கொடுத்தவள்

பெங்களூரில் இருக்கும் என் பேத்திக்கு ஆறு வயது. அவள் தலையில் வைத்துக்கொள்ளும் சிறு பொருட்களைக் கையால் செய்து அனுப்புவது இரண்டு ஆண்டுகளாக என்னுடைய பிற்பகல் வேலை. சாட்டின் ரிப்பனை இரண்டங்குலத் துண்டுகளாக வெட்ட வேண்டும். நூல் பிரியாமலிருக்க வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கணம் காட்டி எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் இதழாக மடித்து நூலில் கோத்து இறுக்கினால் ஒரு பூ. அதைக் கிளிப்பில் வைத்துத் தைப்பதற்கு முன் அடியில் மெத்தென்ற துணியொன்றைக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் குழந்தையின் முடி இடுக்கில் சிக்கி இழுக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கிற பொருளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று மகள் கேட்பாள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

சென்ற சித்திரையில் விடுமுறைக்குச் சென்னை வந்த பேத்தி, பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், ஒரு படத்தின்மேல் விரலை வைத்து, "ஆச்சி, எனக்கு இது வேணும்" என்றாள்.

1978ஆம் ஆண்டு சித்திரையில் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இதை வாசிக்கும் பெண்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கக்கூடும். பட்டுப்பாவாடை அணிந்த சிறுமி ஆளுயரக் கண்ணாடியொன்றின் அருகே நிற்பாள். முகம் நம்மைப் பார்க்கும். கண்ணாடிக்குள் அவளுடைய முதுகும், அதன்மேல் வெள்ளைப் பாளமாக இறங்கும் பூஜடையும் தெரியும். முகத்தையும் பின்னலையும் ஒரே படத்தில் பிடிக்க அந்த நாளைய புகைப்படக்காரர்கள் கண்டுபிடித்த வழி. என்னுடைய படத்தில், கண்ணாடிக்குள் தெரியும் ஜடையில், மேலிருந்து நான்காவது வரிசையில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருக்கிறது. அச்சுப் பிழையல்ல, ஒரு பூ உதிர்ந்த இடம்.

அந்த ஜடையைத் தைத்தவள் என் பெரியம்மை. அம்மாவின் அக்காள். பத்தொன்பது வயதில் கணவனை இழந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். நான் பிறந்தபோது அவளுக்கு முப்பது வயது கடந்திருந்தது. அடுக்களையும் கிணற்றடியும் புறவாசலும் அவளுடைய உலகம். கோடை விடுமுறையில் மட்டும், மல்லிகை மலிந்து விலை இறங்கும் அந்த இரண்டு மாதங்களில், தெருவே அவளைத் தேடி வரும். பூத்தைப்பதில் அவளுக்கு இணை எங்கள் தெருவில் கிடையாது.

பூத்தைப்பது ஒரு பகல்பொழுதின் வேலை. காலையில் வாழைத்தோட்டத்திலிருந்து பட்டை வரும். அதைத் துடைத்து, பிடரியில் அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகியும் பின்னலின் வடிவத்துக்கு வெட்டிக்கொள்வாள். உதிரி மல்லிகை இரண்டு படி. எல்லாம் அன்று மாலை மலர வேண்டிய மொட்டுகள். முதல்நாள் பூவும் ஆகாது, மறுநாள் மொட்டும் ஆகாது. ஒரே நீளமுள்ளவற்றைப் பொறுக்கி ஈரத்துணியில் பரப்புவாள். ஊசியில் இரட்டை நூல். மொட்டுகளைக் காம்போடு காம்பு சேர்த்து, தலைகள் இரண்டு பக்கமும் நோக்கும்படி குறுக்கே வைத்துத் தைத்துக்கொண்டே இறங்குவாள். ஒரு வரிசையின் காம்பை அடுத்த வரிசையின் தலை மறைக்க வேண்டும். நூல் எங்குமே கண்ணில் படக்கூடாது. இடையிடையே பச்சைக்கு மரிக்கொழுந்து, சிவப்புக்குக் கனகாம்பரம். உச்சியில் தாழம்பூ மடலை மடித்து ராக்கொடி போல ஒரு வட்டம். அடியில் குஞ்சலம்.

வசதியுள்ள வீடுகளில் இதே இடத்தில் கல் பதித்த ஜடைநாகமும் ராக்கொடியும் இருக்கும். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் அவற்றை இன்றும் செய்கிறார்கள். நாட்டிய மேடைகளில் நாம் காண்பவற்றுள் அவையும் உண்டு. பூஜடை அந்த நகையின் எளிய வடிவமா, அந்த நகைதான் பூஜடையைப் பார்த்துச் செய்யப்பட்டதா என்று நான் யோசித்ததுண்டு. ஒரே ஒரு வேறுபாடு நிச்சயம். பொன் அப்படியே இருக்கும். மொட்டு தைத்த பின்னும் வளரும். நண்பகலில் விரல் நுழைய இடமிருக்கும் வரிசைகள் அந்தியில் மலர்ந்து ஒன்றையொன்று நெருக்கும். மிகவும் இறுக்கித் தைத்தால் மலர்கிற பூ அடுத்த பூவைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். "விரியப்போற பூவுக்கு எடம் விட்டுத் தைக்கணும்ட்டி" என்பாள் பெரியம்மை. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தொழில் ரகசியம் அது.

பூத்தைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பின்னிய ஜடையின்மேலேயே நேராகத் தைப்பது. சிறுமியை மணையில் உட்கார்த்தி, சவுரி வைத்துப் பின்னி, முடியோடு சேர்த்து ஊசியை ஓட்டுவார்கள். மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் தைத்து முடித்தால் ஜடை உடம்போடு ஒட்டி, தலை திரும்பும் பக்கமெல்லாம் தானும் வளையும். மற்றது, பட்டையில் தனியே தைத்து, முடிந்ததும் ஜடையோடு வைத்துக் கட்டிவிடுவது. இதில் குழந்தைக்குச் சிரமமில்லை. ஆனால் பட்டை விறைப்பாக முதுகில் நிற்கும், நடக்கையில் தட்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஜடையிலேயே தைத்தார்கள். பெரியம்மை மட்டும் பட்டையில் தைத்தாள். தைத்து முடித்ததும் அதைத் தாம்பாளத்தில் வைத்து நடைவாசலுக்கு நகர்த்திவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். என் அம்மாவோ பக்கத்து வீட்டு மதினியோ வந்து எடுத்து எங்கள் தலையில் கட்டுவார்கள். ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியாமல்தான் பெரியம்மை பட்டையைத் தேர்ந்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆண்டாள் சூடிக் கொடுத்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரையில் மதுரை அழகருக்குப் போகிறது. பெரியம்மை சூடாமலே கொடுத்தாள். அவள் மாலை எந்த ஊருக்கும் போகவில்லை. நடைவாசல் வரைக்கும்தான் போயிற்று.

*

அந்தச் சித்திரையில் எனக்கு எட்டு வயது. தைத்து, கட்டி, நெற்றிச்சுட்டியும் சூரியப்பிரபை சந்திரப்பிரபையும் வைத்து, ஸ்டூடியோவுக்குக் கிளம்பும் நேரம். அம்மா உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் நின்று கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் நான்காவது வரிசைப் பூவொன்று நழுவித் தொங்கியிருக்கிறது. அடுக்களை வாசலிலிருந்து பெரியம்மை அதைக் கண்டாள். ஊசியோடு ஓடி வந்தாள். "இங்கன வா, ஆடாம நில்லு" என்று என் தோளைத் தொட்டாள். அவள் விரல் என் பிடரியில் பட்டது.

நான் விலகிக்கொண்டேன். "நீங்க வைக்கக் கூடாது பெரியம்ம. அம்மா வரட்டும்" என்றேன்.

யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. திண்ணையில் பேசிக்கொள்வதிலிருந்தும், தாம்பாளம் நகர்ந்து வருவதிலிருந்தும், நல்ல நாட்களில் அவள் நிலைப்படிக்கு அந்தப்புறம் நின்றுகொள்வதிலிருந்தும் நானாகத் தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதைச் சரியான இடத்தில் சொல்லிவிட்ட பெருமைகூட எனக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் விடை சொல்லும் பிள்ளையின் பெருமை.

பெரியம்மை கையை எடுத்துக்கொண்டாள். ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டாள். "ஆமா, நான் ஒருத்தி" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். அதற்குள் பூ விழுந்துவிட்டது. அம்மா வந்தாள், நேரமாகிவிட்டது, அப்படியே போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். அன்றிரவு பூவின் கனத்தில் மல்லாந்து படுக்க முடியாமல் குப்புறப் படுத்திருந்தேன். பெரியம்மை விசிறிக்கொண்டிருந்தாள். விசிறிக்குத் தீட்டு இல்லை போலும்.

அடுத்த கோடையிலும் அவள் தைத்தாள். அதற்கடுத்த கோடையிலும். அந்த வாக்கியத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. 1994இல் அவள் இறந்தபோது நான் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் செய்த குஞ்சலமொன்று மட்டும் என் பெட்டியில் தங்கிவிட்டது. கறுப்புப் பட்டு நூலைத் திரித்து மூன்று குமிழ்களாகக் கட்டி, மேலே சரிகை சுற்றியது. சரிகைக்குப் பழைய பட்டுச்சேலையொன்றின் கரையை அவள் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத ஒருத்தியிடம் இருக்கக்கூடிய பட்டுச்சேலை எது என்று யோசிக்க எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். மாதவி தலையில் அணிந்தவற்றை இளங்கோவடிகள் பெயர் பெயராகச் சொல்லுவார்: தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். புறநானூற்றில் 246ஆம் பாடலில் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பை வரிசைப்படுத்துவதையும் படித்திருக்கிறேன்: எள் துவையல், வேளைக்கீரை, பாயில்லாமல் பரற்கல்லின்மேல் படுக்கை. சூடியவளுக்கும் கணக்கிருக்கிறது, இழந்தவளுக்கும் கணக்கிருக்கிறது. இழந்தபின் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவளைப் பற்றி நான் படித்த பாடங்களில் எதுவும் இல்லை. அவளைப் பற்றி நானும் இதுவரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு வாக்கியத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

*

பேத்தி கேட்டதற்கு மகள், "கடையில ரெடிமேட் ஜடை இருக்கும்மா, துணிப்பூ வைச்சது. கட்டிவிட்டா முடிஞ்சது" என்றாள். நான் கேட்கவில்லை. விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய் உதிரி மொட்டும் மரிக்கொழுந்தும் வாங்கி வந்தேன். மாலைக்கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு வாழைப்பட்டையும் வாங்கினேன். தாழம்பூ கிடைக்கவில்லை. பேத்தியின் முடி தோள் வரைக்கும்தான். சவுரி சேர்த்துப் பின்னினேன். பட்டையைத் துடைத்து, வெட்டி, மடியில் வைத்து ஊசியில் நூலைக் கோத்தேன். கைக்கு எல்லாம் நினைவிருந்தது.

2020இல் என் கணவர் இறந்தார். பொட்டை எடுக்கக் கூடாது என்று மகள் உறுதியாகச் சொன்னாள், நானும் எடுக்கவில்லை. வண்ணச் சேலைகள்தான் உடுத்துகிறேன். பூ வைக்க வேண்டாமென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வைத்துக்கொள்ள எனக்கே தோன்றவில்லை என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வரிசை தைத்திருப்பேன். பேத்தி பட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்கு ஆச்சி? குத்துமா?" என்று கேட்டாள். "இதுல தைச்சா நீ ஆடிக்கிட்டே இருக்கலாம். தைச்சு முடிச்சதும் அம்மா வந்து கட்டிவிடுவா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மா எதற்கு வர வேண்டும்? மகள் அடுத்த அறையில் கணினியின் முன் வேலையாக இருந்தாள். குழந்தை என் முன்னால், என் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை. எட்டு வயதில் நான் சொன்ன வாக்கியம் இத்தனை காலம் எங்கும் போகாமல் என்னிடமே இருந்திருக்கிறது. இப்போது அது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மைக்கு நான் சொன்னதை எனக்கும் நானே சொல்லிக்கொண்டு, அதற்கு வசதியாகப் பட்டையும் வாங்கி வந்திருந்தேன்.

தைத்த இரண்டு வரிசையையும் பிரித்தேன். பட்டையை ஓரமாக வைத்தேன். "திரும்பி உக்காரு. ஆடப்படாது. ரொம்ப நேரம் ஆகும்" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு சினிமா நேரம்."

ஜடையிலேயே தைப்பது எனக்குப் பழக்கமில்லாத முறை. ஒவ்வொரு தையலுக்கும் இடது கையால் பின்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சவுரிக்கு நடுவே குழந்தையின் சொந்த முடி மெல்லியதாக, சூடாக இருந்தது. தலையில் ஊசி பட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் முதல் வரிசைக்கே வெகுநேரம் ஆயிற்று. நான்காவது வரிசைக்கு வந்தபோது ஒரு மொட்டை இரண்டு முறை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். மற்றவற்றுக்கு, விரிகிற பூவுக்கு இடம் விட்டேன்.

இறுதியில் பெட்டியிலிருந்து குஞ்சலத்தை எடுத்து வந்து கட்டினேன். சரிகை கறுத்திருந்தது. கண்ணாடியின் முன் நிறுத்தி, முகமும் முதுகும் தெரியும்படி மகள் கைபேசியில் படமெடுத்தாள். தரையில் சில மொட்டுகள் மிஞ்சிக் கிடந்தன. பேத்தி அவற்றைப் பொறுக்கி, "இதெல்லாம் உங்களுக்கு" என்று என் கையில் கொடுத்தாள்.

நூல் இன்னும் ஊசியில் இருந்தது. கோத்து, வைத்துக்கொண்டேன்.