பங்கும் பத்திரமும்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. மனைகள் சிறியவை, வீடு பெருக வேண்டுமானால் மேல்நோக்கித்தான் பெருக வேண்டும், அல்லது பக்கத்து வீட்டை விலைக்கு வாங்க வேண்டும். அதற்கான தொகை ஒருவர் கையில் இருப்பதில்லை. ஒருவரின் வருங்கால வைப்புநிதி, மற்றொருவரின் வங்கிக் கடன், தாயின் நகை, எடுத்த சீட்டு என்று பலவும் ஒன்றுசேர்கின்றன. கூட்டு முதலீடு என்ற பெயரை அவர்கள் சூட்டுவதில்லை, செய்வது அதுதான்.

அப்படியொரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டின் விலை 40 லட்சம். அக்கா 16 லட்சம் தந்தார். தம்பி கடன் வாங்கி 24 லட்சம் தந்தார். கடன் தம்பி பெயரில் என்பதால் பத்திரமும் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. பணமில்லாத கடைசித் தம்பி, மாடி கட்டிய ஓராண்டும் கொத்தனாரோடு நின்று சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கணக்குப் பார்த்தார். கட்டடச் செலவுக்காகக் கீழ்த்தளத்தை 10 லட்சத்துக்கு லீசுக்கு விட்டார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எவரும் கேட்கவில்லை. திருமணமாகிச் சென்ற பெண் அதைக் கேட்டால், பிறந்த வீட்டில் பங்கு கேட்கிறாள் என்ற பேச்சு எழும்.

சட்டம் இந்த மௌனத்தைத் தன் வழியில் நிரப்புகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, இருவர் தத்தம் பணத்தைக் கொண்டு தங்கள் பெயர்களில் சொத்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தந்த தொகையின் விகிதத்தில் உரிமை பிரியும். யார் எவ்வளவு தந்தார் என்பதற்குச் சான்று இல்லையெனில் சமபங்கு என்றே கொள்ளப்படும். அக்காவின் பெயரும் பத்திரத்தில் இருந்திருந்தால் அவருக்கு 40 விழுக்காடு. ரொக்கமாகத் தந்து சான்றும் இல்லையென்றால் 50.

பெயரே இல்லாதபோது நிலைமை மாறுகிறது. அவர் தந்தது பங்கா, கடனா, அன்பளிப்பா என்பதே முதல் கேள்வி. அன்பளிப்பு திரும்பாது. கடன் எனில், எழுத்துமூல ஒப்புதல் ஏதும் இல்லாதபோது, வழக்குத் தொடரும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். பங்கு எனில் 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கக்கூடும். 2016இல் திருத்தப்பட்ட அச்சட்டம் உடன்பிறந்தாருக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஏதேனும் ஓர் ஆவணத்தில் இருவரும் கூட்டு உரிமையாளர்களாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசித் தம்பியின் ஓராண்டு உழைப்புக்கு இவ்வளவு இடமும் இல்லை. கூட்டுச் சொத்தின் வாடகையைப் பகிர்வதால் மட்டும் எவரும் கூட்டாளி ஆகிவிடுவதில்லை என்கிறது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். கூட்டாளியே ஆனாலும், முன்கூட்டியே பேசியிருந்தாலன்றித் தொழிலைக் கவனித்ததற்காக அவர் ஊதியம் கோர முடியாது. பணம் வங்கிக் கணக்கில் தடம் விடுகிறது. வெயிலில் நின்றதற்குத் தடமில்லை.

லீஸ் பணத்தையும் பலர் வருமானமாகவே எண்ணிவிடுகிறார்கள். குடியிருப்பவர் காலிசெய்யும் நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தந்தாக வேண்டும். அதில் யார் பங்கு எவ்வளவு என்ற கேள்வியில்தான் பெரும்பாலும் முதல் சண்டை தொடங்குகிறது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியை நாம் சண்டைக்குப் பிறகே நினைவுகூர்கிறோம். பணம் தருபவரின் பெயர் கிரயப் பத்திரத்திலேயே ஏற வேண்டும். யார் எவ்வளவு தந்தார், எந்த வகையில் தந்தார், உழைப்புக்கு என்ன மதிப்பு, லீஸ் தொகையை யார் திருப்புவது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு எடுத்துக்கொள்வது ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். சொத்தில் உரிமையை உண்டாக்கும் ஆவணம் என்றால் பதிவும் வேண்டும். எழுதுவதை அவநம்பிக்கை என்று நினைக்கும் வீட்டில் முதலில் இழப்பவர், பெரும்பாலும் கேட்கத் தயங்கிய அக்காதான்.