கேதாரத்து அதிரசம்

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் மாசி மாதத்து மகிழடி சேவை. கூட்டத்தில் நின்றபடி என் மனைவி ஒருமுறை மெல்லச் சொன்னாள்: "நீங்களும் சுந்தரர் மாதிரிதான். சத்தியம் செய்வதற்கு மட்டும் குறைவில்லை."

சங்கிலி நாச்சியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழா நினைவில் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். நான் செய்திருந்த சத்தியம் மிகச் சிறியது. ஒருமுறை கேதாரநாத்துக்கு அழைத்துச் செல்கிறேன் என்பதுதான். வங்கிப் பணியில் இருந்தவரை தணிக்கை, இடமாற்றம், பதவி உயர்வுத் தேர்வு என்று ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. ஓய்வு பெற்றதும் கொரோனா வந்தது. அது ஓய்ந்தபோது அவளுக்கு உடல் நலிந்துவிட்டது. பிறகு சத்தியத்தைக் கேட்க ஆளில்லை.

அவளுக்குக் கேதாரத்தின்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் நோன்பு. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கேதார கௌரி நோன்பு உண்டு. புரட்டாசி வளர்பிறை தசமியில் தொடங்கி, தீபாவளி அமாவாசையன்று நிறைவுபெறும் 21 நாள் விரதம். கௌதம முனிவர் சொன்னபடி அம்பிகை நோற்று, ஐயன் திருமேனியில் பாதியைப் பெற்றதாகப் புராணம். கயிற்றில் 21 இழை, 21 முடிச்சு. கலசத்தின் முன் 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், 21 அதிரசம். என் தாயார் கைப்பட எடுத்துக் கொடுத்த நோன்பை அவள் நாற்பதாண்டுக் காலம் ஒரு குறையுமின்றிச் செய்தாள்.

அதிரசம் செய்வது எளிது என்று செய்யாதவர்கள்தான் சொல்வார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். பதம் ஒரு நொடி முந்தினாலும் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகும். ஏலமும் சுக்கும் சேர்த்த மாவு இரண்டு மூன்று நாள் பானையில் ஊறும். முதல் அதிரசம் எண்ணெயில் விழும்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது. நான் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

அவள் மறைந்த ஆண்டில் எங்களுக்குப் பண்டிகை இல்லை. அடுத்த ஆண்டு யாரும் நோன்பைப் பற்றிப் பேசவில்லை. மருமகள் பிறந்த வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. எடுத்துவிட்டு இடையில் விட்டால் தெய்வக் குற்றமாகும் என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சொல்லிவிட்டுப் போனதில் அவளுக்கு அச்சம். நானும் வற்புறுத்தவில்லை. கலசச் செம்பு பரணுக்குப் போயிற்று.

சென்ற ஆண்டு விஜயதசமி கழிந்த வாரம் மகனும் மருமகளும் என்னை அழைத்துக்கொண்டு கேதார யாத்திரை புறப்பட்டார்கள். சுந்தரர் கேதாரம் போகவில்லை. காளத்தியில் நின்றபடியே திருக்கேதாரத்தைப் பாடினார், திருஞானசம்பந்தரும் அவ்வாறே. காளத்தியிலிருந்துதான் சுந்தரர் எங்கள் ஒற்றியூருக்கு எழுந்தருளினார் என்பது பெரியபுராணம். அவர் மனத்தால் கண்ட தலத்தை நாம் காரில் போய்க் காண்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

ரிஷிகேசத்திலிருந்து தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை வழியாக மந்தாகினிக் கரையோடு ஏறிக் குப்தகாசியை அடையும்போது இருட்டிவிட்டது. சாத்தாங்காட்டில் எனக்கு விடியல் என்பது இரும்புச் சந்தைக்கு வரும் லாரிகளின் உறுமல். அங்கே விடிந்தபோது கோயில் மணியும், பள்ளத்தில் ஆற்றின் இரைச்சலும் மட்டுமே.

குப்தகாசியில் விசுவநாதர் சந்நிதிக்குப் பக்கத்திலேயே அர்த்தநாரீசுவரருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. பார்வதியை மணக்க ஐயன் சம்மதம் கேட்ட இடம் இது என்றும், திருமணம் நடந்தது திரியுகி நாராயணத்தில் என்றும் சொல்கிறார்கள். நோன்பின் பலனாக அம்பிகை பெற்ற கோலத்தின் முன் நாங்கள் மூவரும் நெடுநேரம் நின்றோம். மருமகள் ஒன்றும் பேசவில்லை.

கோயிலிலிருந்து இறங்கியதும் எங்கள் கார் ஓட்டுநர், பக்கத்துக் கிராமத்தில் தம் வீட்டில் தேநீர் அருந்திவிட்டுப் போகலாம் என்று வற்புறுத்தினார். ஓடு வேய்ந்த சிறு வீடு. அன்று அவருடைய தங்கை பிறந்த வீட்டில் சில நாள் இருந்துவிட்டுப் புகுந்த வீடு திரும்புகிறாள். அடுப்பில் கடுகெண்ணெய் காய்ந்த நெடி வாசல்வரை வந்தது. அவருடைய தாயார் பித்தளைத் தட்டில் இரண்டு இரண்டாக வைத்துக் கொடுத்தார்கள். செம்பழுப்பு நிறம், வட்டம், ஓரத்தில் சிறு வெடிப்பு.

மருமகள் ஒரு விள்ளல் வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். "மாமா... இது அத்தை அதிரசம்."

நான் கடித்துப் பார்த்தேன். ஏலமில்லை, சுக்கில்லை, கடுகெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. ஆனாலும் அதேதான். பெயர் கேட்டோம். "அர்சா" என்றார்கள். ஊறவைத்த அரிசியை உரலில் இடித்து, வெல்லப் பாகில் கிளறி, சூடு ஆறுமுன் தட்டி எடுக்கிறார்கள். நம்மைப் போல் நாள்கணக்கில் ஊறவிடுவதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆதிசங்கரரோடு வந்த தென்னாட்டார் இதை இமயத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று கர்வால் பகுதியில் ஒரு கதை உண்டு. ஆதாரமில்லாத வரவை வங்கிக்காரன் பேரேட்டில் ஏற்றமாட்டான். ஆனால் வழித்தடம் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆந்திரத்தில் அரிசெலு, கன்னடத்தில் கஜ்ஜாயம், ஒடிசாவில் அரிசா பிட்டா, மராட்டியத்தில் அனார்சா, மலையில் அர்சா. திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்கு அதிரசப்படி நிவேதனம் செய்யப்பட்ட செய்தி இருக்கிறது. அரிசியும் வெல்லமும் கூடிய இடமெல்லாம் இந்தப் பண்டம் தெய்வத்தின் முன்னோ மங்கல காரியத்திலோ வந்து நின்றிருக்கிறது.

மருமகளுக்கு ஓரளவு இந்தி தெரியும். எங்கள் ஊரில் கேதாரத்துக் கௌரிக்கு விரதம் இருந்து, இதே பண்டத்தில் 21 படைப்போம் என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். அவர்களுக்கு அப்படியொரு விரதமே தெரியவில்லை. வியப்போடு கேட்டுக்கொண்டார்கள். தங்களுக்கு அர்சா என்றால் கல்யாணம். அல்லது மகள் புகுந்த வீடு போகும்போது கூடையில் வைத்து அனுப்பும் சீர். வெறுங்கையோடு மகளை அனுப்புவதில்லை. அங்கே போய் அண்டை அயலுக்கெல்லாம் அவள் பகிர்ந்து கொடுப்பாள். ஒரு மாதம் கெடாது என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கௌரி இமவான் மகள். அந்த மலைதான் அவளுக்குப் பிறந்தகம். அங்கே மகளுக்குக் கட்டிக் கொடுக்கும் பண்டத்தையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலோரத்தில், யார் சொல்லி வைத்தார்களோ, நாம் அவள் முன் வைத்துக்கொண்டிருக்கிறோம். என் மனைவி இருந்திருந்தால் இதை என்னைவிட முன்பே கண்டுபிடித்திருப்பாள்.

புறப்படும்போது அந்த அம்மாள் தம் மகளுக்குக் கட்டிய கூடையிலிருந்து சிலவற்றை எடுத்து, தாளில் சுற்றி, என் மருமகளின் முந்தானையில் இட்டார்கள். அவள் குனிந்து காலைத் தொட்டு வணங்கினாள். காரில் ஏறியபின் நெடுநேரம் கழித்து, "மாமா, கௌரி பிறந்த ஊரிலேயே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இனிமேல் நான் யாரைக் கேட்க வேண்டும்?" என்றாள்.

கௌரிகுண்டத்திலிருந்து குதிரையில் ஏறிக் கேதாரம் அடைந்ததையும், 2013 வெள்ளத்தில் ஆலயத்தின் பின்னே வந்து நின்று அதைக் காத்த பெரும்பாறையையும் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத ஒன்றுதான் இருக்கிறது. எருதின் திமில்போல் எழுந்த அந்தச் சுயம்பு மூர்த்திக்கு நெய் சாத்தும்போது, "தாமதமாக வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

தீபாவளி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே கலசச் செம்பு பரணிலிருந்து இறங்கிப் புளி போட்டுத் துலக்கப்பட்டது. முதல் நான்கு அதிரசங்கள் எண்ணெயில் பிரிந்தன. மருமகளின் முகம் வாடியது. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. மாவில் இன்னும் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து அவளே சரிசெய்தாள். பிறகு வந்தவை முழுதாக எழும்பின. 21 தேறியதை அவள் மூன்று தரம் எண்ணினாள்.

மலையிலிருந்து வந்ததில் ஓர் அர்சாவை உண்ணாமல் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். அடுத்த வீட்டில் செய்ததை நிவேதனத்தோடு சேர்க்கலாகாது என்பது எனக்கும் தெரியும். அவளும் சேர்க்கவில்லை, கலசத்தின் பக்கத்தில் தனியாக ஒரு வெற்றிலையில் வைத்தாள். "இது அம்மன் பிறந்த வீட்டுச் சீர், மாமா. இருக்கட்டும்" என்றாள். தூபப் புகையையும் மீறிக் கடுகெண்ணெய் மணம் லேசாக வந்தது. தீபாராதனை முடிந்ததும், கயிறு கட்ட என் வலக்கையை நீட்டச் சொன்னாள்.