உட்காருங்கள், ஐயா!

சென்னைப் பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படி என்று நேயர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிகிறவர்களும், சமயத்தில் குழந்தையையே உள்ளே தள்ளுகிறவர்களும் அக்கலையில் கரை கண்டவர்கள். பிடித்த இடத்தை விட்டுக் கொடுப்பதுதான் இன்னும் சரியாகப் பயிலப்படாத வித்தை.

கிழவர் ஒருவர் ஏறியதும் சில பிரயாணிகளுக்குத் திடீரென்று நித்திரை வந்துவிடுகிறது. அவர்களை விட்டுவிடுவோம். நல்ல மனத்துடன் எழுந்திருப்பவர்களிலும் சிலர், "உட்காருங்கள், ஐயா! வயசானவர் நிற்கலாமா?" என்று கண்டக்டருக்கும் கேட்கும்படி முழங்குகிறார்கள். பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. பெரியவருக்கோ, ஏறும் வரையில் வயது நினைவே இருந்திராது. "வேண்டாம், தம்பி! இதோ இறங்கப் போகிறேன்" என்கிறார். பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகப் பத்து ஸ்டாப்பிங் வரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். இடையில் அந்த இடத்தில் வேறொரு வாலிபன் உட்கார்ந்துவிடுகிறான்! தாம் இறங்கப் போவதுபோல் எழுந்து, பேசாமல் பின்பக்கம் போய் நின்றுகொள்ளும் ஆசாமிகளையும் நாம் கண்டதுண்டு. நம்முடைய வோட்டு அவர்களுக்கே.

இடது பக்கத்து ஆசனங்கள் பெண்களுக்கு என்பது சென்னையின் பழைய வழக்கம். 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஏற்பட்டதிலிருந்து, "காசு கொடுத்தவன் நிற்கிறேன், கொடுக்காதவர்கள் உட்காருகிறார்கள்" என்று முணுமுணுக்கும் கனவான்களும் தோன்றியிருக்கிறார்கள். ஆசனத்தை டிக்கெட்டினால் அளப்பவர்களிடம் மரியாதையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆனால், எழுந்திருப்பதெல்லாம் மரியாதை ஆகிவிடாது. 1893-ல் தென்னாப்பிரிக்காவில் காந்திஜி குதிரைக் கோச்சு வண்டியில் பிரயாணம் செய்தார். கையில் டிக்கெட் இருந்தும், வெள்ளையருடன் உள்ளே உட்கார விடாமல், வண்டிக்காரன் பக்கத்தில் வெளியே உட்கார வைத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டார். பிறகு வண்டித் தலைவனுக்குச் சுருட்டுப் பிடிக்க அதே இடம் வேண்டியிருந்தது. கால் வைக்கும் பலகையில் ஒரு சாக்கை விரித்து, அங்கே உட்காரச் சொன்னான். காந்திஜி மறுத்தார். அடி விழுந்தது; பித்தளைக் கம்பியைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. 1955 டிசம்பர் 1-ந் தேதி, அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துப் பஸ்ஸில் வெள்ளையர் ஒருவருக்காக எழுந்திருக்கச் சொன்னபோது, ரோஸா பார்க்ஸ் அம்மையாரும் மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். அதன் பேரில் அந்நகரத்து நீக்ரோ மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள்.

நம் ஊரில் இன்னொரு வகை எழுந்திருத்தல் உண்டு. பாரிமுனையிலிருந்து வந்த பஸ்ஸில், சென்ற மாதம் அதைப் பார்த்தோம். மீன் விற்றுத் திரும்பும் கிழவி ஒருத்தி, காலிக் கூடையுடன் ஏறிக் காலியாயிருந்த பெண்கள் ஆசனத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், பட்டுப் புடவையை ஒதுக்கிக்கொண்டு உடனே எழுந்துவிட்டாள். இறங்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். அத்தனை நெரிசலிலும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பார்க்காதவர்கள் யாருமில்லை. கிழவி ஒன்றும் சொல்லாமல், கூடையைத் தன் காலடிக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த ஸ்டாப்பிங்கில் புஸ்தகப் பையுடன் ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். "ஆயா, கொஞ்சம் நகந்துக்க" என்று சொல்லி அங்கே உட்கார்ந்தாள். கூடையைப் பார்த்து, "எல்லாம் வித்துட்டியா? இன்னைக்கு என்ன மீனு?" என்று கேட்டாள். கிழவி சொல்ல ஆரம்பித்தாள். சைதாப்பேட்டையில் நாம் இறங்கும்போது, நெத்திலி விலையில் இருந்தார்கள்.