சைகோனில் பிறந்த அண்ணன், காரைக்காலில் பிறந்த தம்பி

என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் இந்திய பாஸ்போர்ட். "அவங்க சொல்தா குடும்பம், நமக்குக் கொடுப்பினை இல்ல" என்றே சொல்லி வளர்த்தார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். ஆனால் பெரிய தாத்தா பட்டாளத்துக்கே போனவரில்லை. அதனால்தான் பழைய காகிதங்களைத் தேடக் கிளம்பினேன்.

காரைக்கால் பதிவேட்டிலிருந்து தாத்தாவின் பிறப்புப் பதிவு நகல் கிடைத்தது. சாய்ந்த எழுத்தில் பிரெஞ்சு. பிறந்த மணி, தகப்பனாரின் வயது, தொழில், இரண்டு சாட்சிகள் என்று ஒன்றும் விடுபடவில்லை. அடியில் கொள்ளுத்தாத்தா மட்டும் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறார். பெரிய தாத்தா பிறந்தது சைகோனில் என்பது அவர் வீட்டுக் குடும்ப ஏட்டைப் பார்த்த பிறகே தெரிந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசாங்க வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் கப்பலேறிய காலம் அது. கொள்ளுத்தாத்தாவும் அங்கே குமாஸ்தா.

விஷயம் பிறந்த இடத்தில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்றே புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தாலும், சட்டப்படி ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் கொடுத்தார்கள். வெளியே பிறந்தவர்களை இந்த விதி தொடவே இல்லை. அதற்குள் ஊர் திரும்பியிருந்த பெரிய தாத்தா, ஒரு கையெழுத்தும் போடாமல் பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார்.

தாத்தா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? அத்தையைக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டா ஊரை விட்டுக் கெளம்பணும்னு பேசிக்கிட்டாங்க. நெலத்த யாரு பாக்குறது?" என்றார். அப்பா அப்போது மைனர். பெற்றவர்கள் முடிவே பிள்ளைக்கும். அந்த நிலத்தையும் பிற்பாடு விற்றுவிட்டார்கள் என்பது வேறு கதை.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. "தாத்தா பிரெஞ்சுதானே, குடியுரிமை எடுத்துடலாம்" என்று ஒரு புரோக்கர் என்னிடமும் முன்பணம் கேட்டார். 1963 பிப்ரவரியோடு முடிந்த கெடுவை எந்தப் புரோக்கராலும் நீட்ட முடியாது. கெடுவில் சிக்காத குடும்பங்களுக்கும் பாதை லேசில்லை. தலைமுறைகளாக அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே தங்கி, தாமும் பெற்றவரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படாமலே இருந்துவிட்டால், வம்சாவளியைக் காட்டி உரிமை கேட்க அந்நாட்டு சிவில் சட்டம் இடம் தருவதில்லை. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே யாரிடமும் பணத்தை நீட்டுமுன், உங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார், அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்தாரா என்ற இரண்டையும் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.