கால் ஊன்றினால் அவுட்



நம் பள்ளி விளையாட்டு விழாவின் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நினைவிருக்கிறதா? கடைசியில் வருபவருக்குப் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். விசில் என்னிடம். ஒரு வருடம், கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது ஒரு பையனை அவுட் கொடுத்தேன். அழுதுகொண்டே போனான்.

அவன்தான் இப்போது கயத்தாற்றில் ஞாயிறுதோறும் பத்துப் பேரைச் சேர்த்து சைக்கிளில் கூட்டிப்போகிறான். 67 வயதில் நானும் போய் நின்றேன். முதல் இரண்டு வாரம் மைதானத்தில் மெதுவாக ஓட்டவே பழக்கினான். பார்வை தூரத்தில் இருக்கணும், பிரேக்கில் விரல் இருக்கணும், தோள் இறுகக்கூடாது. பாறை, மரக்கட்டை மேல் சைக்கிளை ஏற்றும் டிரயல்ஸ் விளையாட்டுக்கும் இதுதான் அரிச்சுவடியாம். அதிலும் கால் ஊன்றினால் தண்டப் புள்ளி!

ஆடியில் எல்லோருமாகக் கடம்பூர் போனோம். போகும்போது மேல்காற்று முதுகைத் தள்ளியது. போளி தின்றுவிட்டுத் திரும்பினால் அதே காற்று முகத்தில். காற்றாலைகள் சுற்றின, என் கால் நின்றுவிட்டது. ஊன்றிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"சார், இங்க கால் ஊனினா அவுட் கிடையாது. என் பின்னாலயே வாங்க, காத்த நான் வாங்கிக்கிடுதேன்" என்றான். ஊர் வரை அப்படியே வந்து சேர்ந்தேன்.

தம்பி, அன்றைக்கு விசில் ஊதியது சரிதான். ஆனால் அழுதுகொண்டு போன உன்னைக் கூப்பிட்டு நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை வருகிறவர்கள் ஹெல்மெட்டோடு வாருங்கள்.